ஸ்டாக் பார்த்துட்டு வர்றேன்

இந்தத் தண்ணீர் நன்றாக இருக்கிறது மேடம். கேன் தண்ணீர்தான், ஆனாலும் ப்ளீச்சிங் வாடை இல்லை. இன்னொரு டம்ளர் கிடைத்தால் குடித்துக்கொண்டே வாக்குமூலம் தருகிறேன். நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பது என் பழக்கம். உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அதைவிட எளிய வழி இல்லை.

என் பெயர் ஜவஹர். பாண்டி பஜாரில் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் ஆபரேஷன்ஸ் மேனேஜர். நான் சேர்ந்தபோது அது சந்தைக்கடை மாதிரி இருந்தது. இந்தப் புடவை வேறு கலரில் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் விற்பனைப் பெண் நாலாவது மாடி குடோனுக்கு ஓடுவாள். அவள் இறங்கி வருவதற்குள் வாடிக்கையாளர் எதிர்க்கடையில் பில் போட்டிருப்பார். நான் எல்லாப் புடவைக்கும் பார்கோடு ஒட்ட வைத்தேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் கையில் ஒரு சின்ன மெஷின், கழுத்தில் ஒரு டேக். குடோனில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் மெஷினில் தெரியும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது என் திரையில் தெரியும்.

முதலில் பயந்தார்கள். மெஷின் வந்தால் வேலை போய்விடும் என்று அழுதவர்களும் உண்டு. நான் யாரையும் அனுப்பவில்லை, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். பேச்சியம்மாள்தான் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். தென்காசிப் பக்கத்துக்காரி, பட்டுப் பிரிவில் இருந்தாள், கடை ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். தமிழில் டைப் அடிக்க அவளுக்கு நான்தான் பழக்கினேன். மெஷினில் 'காரணம்' என்று ஒரு கட்டம் வரும், அதில் மழுப்பாமல் உள்ளதை எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

இப்போது நீங்கள் கேட்ட அந்த வார்த்தைக்கு வருகிறேன். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் முன்னால் நின்றுகொண்டு பாத்ரூம் போகிறேன் என்று சொல்ல முடியாது. அதனால் எங்கள் கடைப் பெண்கள் 'ஸ்டாக் பார்த்துட்டு வர்றேன்' என்பார்கள். அவர்களுக்கான கழிவறை குடோனுக்குள் இருந்ததால் பொருத்தமாகவும் இருந்தது. புதிதாகச் சேரும் பெண்ணுக்குப் பக்கத்து கவுண்டர்காரி முதல் நாளே காதில் சொல்லிவிடுவாள். தரைத்தளக் கழிவறை வாடிக்கையாளர்களுக்கு மட்டும். அது நான் வருவதற்கு முன்பே இருந்த விதி.

நான் ஒருமுறை அந்த நாலாவது மாடிக் கழிவறைக்குள் போய்ப் பார்த்தேன். சொதசொதவென்று தரை, சுவரில் ஒட்டிய தலைமுடி, செய்தித்தாளில் சுற்றிப் போட்ட பொட்டலங்கள், வாடிய மல்லிகையும் மூத்திரமும் கலந்த நாற்றம். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பெண் பட்டுப் புடவையை விரித்துக் காட்டினாலும், இந்தக் கை இப்போது எங்கே போய்விட்டு வந்தது என்றுதான் தோன்றும். கழிவறையைச் சுத்தம் செய்திருக்கலாமே என்பீர்கள். செய்யலாம், மறுநாளே அசுத்தமாகும். போவதைக் குறைப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

வேலை நேரம் எங்கே வீணாகிறது என்று பார்த்ததில் 'ஸ்டாக் பார்க்க' என்பதுதான் முதலில் வந்தது. ஸ்டாக்தான் மெஷினிலேயே தெரிகிறதே, இனி எதற்கு மாடி ஏற வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "அதானே, சரியாத்தான் சொல்லுதீரு" என்றார். அவருக்கு அந்த வார்த்தையின் உள்ளர்த்தம் தெரியாது. முதலாளி முன்னால் யார் பேசியிருப்பார்கள்? குடோன் கதவுக்கு, டேக் காட்டினால் திறக்கும் பூட்டு போட்டோம். கூட்ட நேரத்தில் போக வேண்டுமென்றால் மெஷினில் காரணம் எழுதிக் கேட்க வேண்டும், நான் அனுமதித்தால்தான் கதவு திறக்கும்.

விற்பனை ஏறியது. பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். பாட்டில்கள் கவுண்டருக்கு அடியில் மூடி திறக்காமல் கிடந்தன. ஒழுங்கு வந்துவிட்டது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, படிக்கட்டு வரை கூட்டம். பேச்சியம்மாள் என் கண்ணாடி அறைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அடிவயிறு வலி உயிர் போவுது சார். ஒரு எட்டு ஸ்டாக் பாத்துட்டு வந்துருதேன்."

"ஸ்டாக் உங்கள் கையிலேயே தெரியுமே பேச்சியம்மா" என்றேன். நான் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவேன்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் புரியவில்லை என்று நினைத்திருப்பாள். கவுண்டருக்குத் திரும்பினாள். அவள் போனதும் சூப்பர்வைசர் ஃபிர்தௌஸ் வந்தாள். இங்கேயே ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், வாய் கொஞ்சம் அதிகம்.

"இன்னா சார் நீ, அவ மூஞ்சியப் பாத்தியா? நாலு நாளா காய்ச்சல் சார், ஒடம்பு நெருப்பா கீது. அந்தக் கதவத் தொறந்து உடு சார்."

"காரணம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்" என்றேன்.

பேச்சியம்மாள் மெஷினில் கேட்டாள். 'ஸ்டாக் பார்க்க' என்று வந்தது, மறுத்தேன். மறுபடியும் அதுவே வந்தது, மறுத்தேன். கேமராவில் அவள் தெரிந்தாள். ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புடவை விரித்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொன்று வந்தது. 'ஸ்டாக் இல்ல சார். பாத்ரூம் போணும். முடியல.' நான் பழக்கியபடி மழுப்பாமல் எழுதியிருந்தாள். அப்போது நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிடும் நேரத்தில் அந்த வார்த்தை திரையில் வந்தது எனக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. டப்பாவை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தயாராக இருந்த பதிலை அழுத்தினேன். 'ஸ்டாக் திரையில் உள்ளது. இடத்தை விட்டு நகர வேண்டாம்.'

அவள் அதைப் படித்தாள். நகரவில்லை. நின்ற இடத்திலேயே சரிந்தாள். தரையெல்லாம் நனைந்தது, அதில் ரத்தமும் இருந்தது. வாடிக்கையாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். ஃபிர்தௌஸ் மேஜையில் கிடந்த முகூர்த்தப் புடவையை எடுத்து அவள் மேல் போர்த்தினாள், இன்னொன்றால் தரையைத் துடைத்தாள். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன். அந்த இரண்டு புடவையையும் டேமேஜ் கணக்கில் எழுதச் சொன்னேன். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஃபிர்தௌஸ் திரும்பிப் பார்த்தாள். "உன்னப் பாத்தா கொமட்டுது சார்" என்றாள். அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த மாடியில் இருந்தவர்களிலேயே சுத்தமாக இருந்தவன் நான்தான்.

பல நாள் அடக்கி வைத்ததில் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார் டாக்டர். தீபாவளிக்கு முன்பே பேச்சியம்மாள் இறந்துவிட்டாள்.

அண்ணாச்சி வைத்திருக்கும் வக்கீல் ஒரு யோசனை சொன்னார். ஜவஹர் எஞ்சினியர், ஜவுளிக்கடைக்குப் புதியவர், பெண்கள் பேசும் குழூஉக்குறி அவருக்குத் தெரியாது, ஸ்டாக் என்றால் ஸ்டாக் என்றே நினைத்துவிட்டார் என்று சொல்லலாமாம். கடைசியாக வந்த செய்தியைப் பார்க்கவில்லை என்றும் சொல்லலாமாம். நீங்களும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. தயவுசெய்து அடித்துவிடுங்கள். சேர்ந்த முதல் வாரமே எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். தெரிந்ததால்தான் பூட்டு போட்டேன். கடைசிச் செய்தியையும் படித்தேன், புரிந்துதான் மறுத்தேன். வார்த்தை புரியாத முட்டாள் என்ற பெயரை மட்டும் என்னால் சுமக்க முடியாது. அதே சமயம் கொலை என்றும் எழுதாதீர்கள். நான் அவளைத் தொடக்கூட இல்லை.

அவ்வளவுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இங்கே பாத்ரூம் எந்தப் பக்கம்? எழுதி முடித்ததும் போகலாம் என்கிறீர்கள், புரிகிறது. ஆனால் வந்ததிலிருந்து நீங்கள் கொடுத்த தண்ணீரை நிறையக் குடித்துவிட்டேன். கடைப் பெண்கள் சொல்வது மாதிரி சாக்கு இல்லை மேடம், எனக்கு நிஜமாகவே அவசரம்.