ஆக்தாஷ் கிணற்றின் அறுநூற்று நாற்பதாவது அடி

கிர்குக் நகரக் காவல் நிலையம். 1926 ஆகஸ்ட் 3, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. அதிகாரி நாஜி எஃபெந்தி கேட்க, எழுத்தர் ஷவ்கத் எழுதியது.

என் பெயர் பெத்தியோன். தகப்பனார் பெயர் குரியாகோஸ். வயது அறுபத்து மூன்று. கல்தேயக் கிறிஸ்தவன். கோட்டை மேட்டில் மாதா கோயிலுக்குப் பின் சந்தில் குடியிருக்கிறேன். இஸ்தான்புல்லில் மருந்துக் கலவை படித்தேன். மோசூல் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் ரசாயனமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். கடந்த மார்ச் முதல் ஆக்தாஷ் மேட்டில் எண்ணெய் தேடும் கம்பெனியின் ஆய்வுக் கூடாரத்தில் மாதிரிக் காப்பாளனாக இருக்கிறேன். பேச்சில் நான் தடுமாறுகிறவன் என்பதால், சொல்லப்போவதை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். அதிகாரியின் அனுமதியுடன் அது அப்படியே இங்கே எழுதப்படுகிறது.

1. பாறை மாதிரிகள் எடுக்கப்பட்ட முறை.
2. அறுநூற்று நாற்பதாவது அடியிலிருந்து எண்ணெய்க் குறி தெரிந்தது.
3. துளைப்பு மேஸ்திரி கன்பர் கிணற்றுக்குள் ஜாடியிலிருந்து எதையோ ஊற்றியதை நான் கண்டது.
4. மாதிரிக் குப்பிகள் முத்திரையிட்டு என் பூட்டில் இருந்தபடியால், எண்ணெய் குப்பிக்குள் கலந்திருக்க முடியாது என்பதும், கிணற்றுக்குள்தான் கலந்திருக்க வேண்டும் என்பதும்.
5. அந்நாட்களில் கிணற்றருகே தனியாக இருந்த வேறு ஒருவரையும் நான் காணவில்லை என்பது.

முதல் குறிப்பு. கிணற்றில் உளி ஐந்து அடி இறங்கியதும் நீண்ட குழாய் வாளியை இறக்கிச் சேற்றை மேலே எடுப்பார்கள். அதன் பிறகு அந்தச் சேற்றை நானே கழுவி, கல் துணுக்குகளைத் தகரத்தில் காய வைத்து, கண்ணாடிக் குப்பியில் இட்டு, ஆழமும் தேதியும் எழுதி ஒட்டி, வாயை முத்திரையிட்டுப் பெட்டியில் பூட்டுவேன். சாவி என் கழுத்துக் கயிற்றில் இருக்கும். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. கன்பர் ஒருமுறை எல்லோர் முன்னும், "வாத்தியாரே, உங்க சம்சாரத்தைக்கூட இப்படிப் பூட்டி வச்சிருக்க மாட்டீங்க. கல்லுதானே, ஓடியா போயிடும்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் குப்பிகளைப் பற்றி இவனுக்கு என்ன கவலை என்று அன்று எண்ணியது உண்மை.

இரண்டாவது குறிப்பு. வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, முத்திரைகளைக் கத்தியால் சுரண்டி எடுத்து, குப்பிகளைச் சுத்தமாகத் துடைத்துப் பாறை ஆய்வாளர் பெல்லாமி துரையின் மேசையில் வரிசையாக வைப்பேன். அதன் பிறகு துரை துணுக்குகளைப் பொடித்து, குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்கி, ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுவார். கல்லில் எண்ணெய் இருந்தால், காய்ந்த பின் தாளில் பழுப்பு வளையம் நிற்கும். அறுநூற்று முப்பத்தைந்து அடி வரை தாள் வெள்ளையாகவே இருந்தது. ஜூலை 6ஆம் தேதி எடுத்த அறுநூற்று நாற்பதாவது அடியில் வளையம் வந்தது. அதன் பிறகு ஒரு குப்பி விடாமல் வந்தது. துரை முதலில் மகிழ்ந்தார். பிறகு கிணற்றுக்குப் போய்ச் சேற்றை முகர்ந்தார். வாயு வாசனை இல்லை, சேற்றின் மேல் எண்ணெய்ப் படலமும் இல்லை. திரும்பி வந்து என்னிடம், "யாரோ நம்மை முட்டாளாக்குகிறார்கள்" என்றார். அன்று முதல் நான் சமையல்காரனைச் சந்தேகித்தேன். தண்ணீர் சுமக்கும் இருவரைச் சந்தேகித்தேன். ஒரு நாள் முழுக்கத் துரையையே சந்தேகித்தேன்.

மூன்றாவது குறிப்பு. ஜூலை 8ஆம் தேதி வியாழக்கிழமை, எல்லோரும் நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் மோரும் சாப்பிடும் உச்சி வேளையில், கன்பர் மட்டும் எழுந்து ஒரு மண் ஜாடியை எடுத்துப் போய்க் கிணற்று வாயில் சாய்த்து ஊற்றினான். நான் கூடாரத் துணி இடுக்கு வழியாகப் பார்த்தேன். 15ஆம் தேதி வியாழனும் அதே வேளையில் அதையே செய்தான். வளையம் 6ஆம் தேதியே வந்துவிட்டதே என்ற கேள்வி எனக்கு எழுந்தது. 1ஆம் தேதி வியாழனும் ஊற்றியிருப்பான், நான் பார்க்கவில்லை என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். கன்பருடைய ஊர் ஆக்தாஷ் மேட்டின் அடிவாரம். கிணறு வறண்டது என்று தெரிந்தால் கம்பெனி யந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடும், அவன் ஊரில் நாற்பது பேருக்கு வேலை போகும். ஆகவே அவனுக்குக் காரணம் இருந்தது.

19ஆம் தேதி நான் துரையிடம் சொன்னேன். துரை கன்பரைக் கூப்பிட்டார். நான் மொழிபெயர்த்தேன். ஜாடியில் என்ன என்று கேட்டதற்குத் தண்ணீர் என்றான். என்ன தண்ணீர் என்றதும் என்னைப் பார்த்து, "வாத்தியாரே, வெறும் தண்ணின்னே சொல்லிடுங்க. மிச்சத்தைச் சொன்னா இந்த ஆளு சிரிப்பாரு" என்றான். 'தண்ணீர் என்கிறான், மேற்கொண்டு சொல்ல மறுக்கிறான்' என்று நான் மொழிபெயர்த்தேன். அதன் பிறகு துரை ஜாடியை முகர்ந்து பார்த்து, எண்ணெய் வாசனை அடிக்கிறது என்றார். நானும் முகர்ந்தேன். அடித்தது. மறுநாள் கிணறு நிறுத்தப்பட்டு, கன்பர் கைது செய்யப்பட்டான். நாளை அவன் நீதிபதி முன் நிறுத்தப்படுகிறான் என்றும், என் சாட்சியைத் தவிர வேறு சாட்சி இல்லை என்றும், ஐந்து வருடம் கிடைக்கலாம் என்றும் இன்று இங்கே வந்த பிறகு அறிந்தேன்.

நான்காவது குறிப்புக்கு வருமுன் அதிகாரி அடையாளம் காட்டுவதற்காகக் கன்பரைக் கொண்டுவரச் சொன்னார். கணுக்காலில் சங்கிலி இருந்தது. சங்கிலி உரசாமல் இருக்கத் தலைத்துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தான். ஜாடி மேசைமேல் வைக்கப்பட்டது. இவன்தான், இந்த ஜாடிதான் என்று சொன்னேன்.

அதிகாரி கன்பரிடம், "பதினாலு நாளா வாயத் திறக்கல. இப்பவாவது சொல்லு, என்னத்தய்யா ஊத்தின?" என்று கேட்டார்.

"எங்க ஊர் தர்காத் தண்ணிங்க. வியாழக்கிழமை ஊத்தினா கிணறு கண்ணைத் திறக்கும்னு எங்க ஆளுங்க நம்பிக்கை. யந்திரத்துக்கு மந்திரம் ஓதுறான்னு துரை என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாருன்னுதான் சொல்லல."

"தர்காத் தண்ணி எண்ணெய் நாத்தம் அடிக்குமா?"

அதற்குக் கன்பர் பதில் சொல்லுமுன், கதவருகே நின்ற கான்ஸ்டபிள் முராத்கான் ஜாடியை எடுத்து மூக்கருகே வைத்து, "ஐயா, இது நிலக்கீல் வாசம், தார் மாதிரி. ஒழுகாம இருக்க உள்ளே பூசியிருக்காங்க. எங்கம்மா தயிர் ஜாடியும் இப்படித்தான் நாறும். உங்க வீட்டுல இல்லையா?" என்றான். அதிகாரி, "எங்க வீட்டுலயும் உண்டு" என்றார்.

இந்த இடத்தில் நான் தண்ணீர் கேட்டேன்.

அதன் பிறகு நான் சொன்னது: ஜூலை வெயிலில் மெழுகு முத்திரை உருகி ஒழுகியது. குப்பிகளின் தக்கை தளர்ந்தது. ஆகவே 6ஆம் தேதி காலை முதல் மெழுகை விட்டுவிட்டு நிலக்கீலைக் காய்ச்சி முத்திரையிட்டேன். துரையிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. என் மனைவி ஊறுகாய் ஜாடியை அதனால்தான் மூடுகிறாள். குளியலறைத் தரைக்கு அதுதான், படகுக்கு அதுதான். எங்களுக்கு அது களிமண் மாதிரி ஒரு வீட்டுப் பொருள். அதுவும் பூமிக்குள்ளிருந்து வரும் எண்ணெயின் கசடுதான், ஒரு கடுகளவு விழுந்தாலும் குளோரோஃபார்மில் கரைந்து பழுப்பாகும் என்பதை நானே இருபத்தாறு வருடம் கரும்பலகையில் எழுதியவன்.

சாட்சிப் பொருள் என்பதால் குப்பிகளும் குளோரோஃபார்மும் நிலக்கீலும் கத்தியும் உள்ள என் பெட்டி உடன் இருந்தது. அதிகாரியின் அனுமதி பெற்று, முற்றத்தில் தீயணைக்க வைத்திருக்கும் வாளியிலிருந்து மணல் எடுத்து, ஒரு பங்கை நேராகச் சோதித்தேன். தாள் வெள்ளையாக இருந்தது. அதன் பிறகு மறு பங்கைக் குப்பியில் இட்டு, தேநீர் அடுப்பில் நிலக்கீலைக் காய்ச்சி வாயை முத்திரையிட்டு, ஆறிய பின் வழக்கமான கத்தியால் வழக்கம்போலச் சுரண்டித் திறந்து சோதித்தேன். இம்முறை சொட்டை அதிகாரியே தாளில் விட்டார். வளையம் வந்தது. அதிகாரி தாளை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுத்தரிடம் கொடுத்தார். அது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

கன்பர் முதலில் சிரித்தான். "ஊறுகாய் ஜாடியும் பாறைக் குப்பியும் உங்களுக்கு ஒண்ணாப் போச்சா வாத்தியாரே!" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்போ கீழே எண்ணெய் இல்லையா?" என்று கேட்டான்.

இல்லை, இதுவரை தோண்டிய ஆழத்தில் இருந்ததற்கு அத்தாட்சி ஒன்றும் இல்லை என்றேன்.

"நான் எதுவும் கலக்கலைன்னு எனக்குத் தெரியும். அப்போ வளையம் நிஜம்தானேன்னு நினைச்சேன். உலகத்துலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் அது நிச்சயமாத் தெரியும்னு உள்ளே உட்கார்ந்துக்கிட்டு இருந்தேன். அஞ்சு வருசம் போட்டாலும் திரும்பி வரும்போது ஊர் நல்லா இருக்கும்னு நினைச்சேன்" என்றான். அதன் பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை. கான்ஸ்டபிள் சங்கிலியைக் கழற்றக் குனிந்தபோதும் காலை அவனாக நீட்டவில்லை.

முதல் தாளில் எழுதிய நான்காவது குறிப்பை அடித்துவிடலாமா என்று எழுத்தரிடம் கேட்டேன். மையில் எழுதியதை அடிக்கக் கூடாது, மறுப்பு இருந்தால் கீழே எழுதலாம் என்று அதிகாரி சொன்னார். ஆகவே கீழே எழுதச் சொல்கிறேன். துரையிடமும் இதை நானே போய்ச் சொல்வேன்.

இது எனக்குத் துருக்கி மொழியில் இருமுறை வாசித்துக் காட்டப்பட்டது. யாரும் என்னை மிரட்டவில்லை, எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய குறிப்புகளில் நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். நான்காவது குறிப்பு தவறு. எண்ணெய் கிணற்றுக்குள் கலக்கவில்லை. குப்பிக்குள் கலந்தது. என் கையால் கலந்தது.

(ஒப்பம்) பெத்தியோன் குரியாகோஸ்