நாக்கை வழித்த மரியாதை

ஹலோ… ஹலோ… கம்போ மூலிகை வைத்தியசாலைதானே? டொயாமா ஸ்டேஷன் பக்கத்து சுஷிக்கடை குரமோச்சி பேசறேன்… ஆமா ஆமா, ரெண்டு கையிலயும் கரப்பான் புண் வந்தவன்தான். டாக்டர் இருக்காராம்மா?… வேலையா இருக்காரா? அப்ப நீயே கேட்டுச் சொல்லு. மூணு வாரமா அவர் குடுத்த மூலிகைக் கஷாயத்தை மண்சட்டியில பாதியா சுண்டக் காய்ச்சி, வேளை தப்பாம குடிக்கறேன்… வாடையா? எங்க வீட்டுப் பூனை பக்கத்து வீட்டுக்கே குடிபோயிடுச்சு!

…இல்லம்மா, குறையலை. கூடித்தான் இருக்கு. தோலுக்குள்ள துருப்பிடிக்குது, இந்த மூலிகை துருவைத் தடுக்கும்னு படம் போட்டு விளக்கினாரே! என் கத்தி இருபது வருஷமா கடல்மீன் வெட்டுது, ஒரு பொட்டு துரு கிடையாது. கைதான்… எப்படிம்மா கோபப்படாம இருக்கறது? இந்தக் கையோட வாடிக்கைக்காரங்க முன்னாடி நின்னு, சோத்தை உருட்டி மேல மீனை வெச்சு சுஷி பிடிக்க முடியுமா? அடுப்படியில சோறாக்கிட்டு இருக்கேன். என் இடத்துல மச்சான் கெய்சாகு நின்னு மீனை செங்கல் செங்கலா அறுக்கறான். சனிக்கிழமை எனக்குத் தொழில் கத்துக்குடுத்த குருநாதர் சாப்பிட வர்றார். அவருக்கும் இவன்தான் பிடிச்சு வெக்கணுமா? உங்க டாக்டருக்கு நாக்கைப் பாத்து நோய் சொல்றதை விட, தெருவோரமா கைரேகை ஜோசியம்…

…யாரு?… டாக்டர் ஐயாவா! வணக்கம், வணக்கம்… எப்பலேர்ந்து கேக்கறீங்க?… பூனைலேர்ந்தா.

…ஆமாங்க… ஆமாங்க… சாப்பாட்டுக்கு முன்னாடிதாங்க… அரிசி மது, அந்த சாக்கேயைத் தொடவே இல்லைங்க… சரி, ரெண்டே ரெண்டு கிண்ணம்.

…நாக்கா? அன்னிக்குச் செக்கச்செவேல்னு இருந்துதுங்களே! "துளி படிவு இல்லையே, உடம்பு உள்ளுக்குள்ள காஞ்சு கெடக்கு"ன்னு நீங்களே ஆச்சரியப்பட்டீங்க. எனக்குப் பெருமை தாங்கலை… தேய்ச்சேனாவா? என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! பெரிய மனுஷர் முன்னாடி அழுக்கு நாக்கையா நீட்டுவேன்? வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி கூட ஒரு தடவை வழிச்சுட்டுத்தான்…

…ஹலோ?… ஐயா?…

…ஓ… அந்தப் படிவைப் பாத்துத்தான் மருந்தே முடிவு பண்ணுவீங்களா… அப்ப நான் குடிச்சது வேற உடம்புக்காரனுக்கு உள்ளதா… இரு சுமியே, குறுக்கப் பேசாத!… இல்லைங்க, வீட்டுக்காரி. டாக்டர் சரியில்லைன்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்கா… நான் சொல்லித்தாங்க.

…மருந்தை மாத்தினா சனிக்கிழமைக்குள்ள?… ஆகாதா… ஒரு மாசமா… இல்லைங்க, அழலை. குருநாதர்கிட்ட அடி வாங்கிக் கத்துக்கிட்ட கைங்க இது. ஒரே ஒரு சுஷியாவது இந்தக் கையால பிடிச்சு வெக்கணும்னு… சரிங்க. அவரை அடுத்த மாசம் வரச் சொல்றேன். காரணத்தையும் மறைக்காம சொல்லிடறேன். திட்டட்டும்.

…இப்பவே வந்து நாக்கைக் காட்டணுமா? இதோ, சைக்கிளை எடுத்துட்டேன்… வழிக்காம அப்படியே வரணுமா… ஐயா… அது வந்து… காலையிலயே நல்லா வழிச்சுட்டேங்க… எதுக்கா? உங்களோட போன்ல பேசணுமே, அந்த மரியாதைக்குத்தான்…

…ஹலோ?… ஹலோ?…