ஒரே ஒரு ஸ்டேஷன்

குடிச்சிருக்கேன்னு நெனச்சிட்டியளா? அல்லா மேல சத்தியமா இல்ல அண்ணாச்சி. இடுப்பு வலி. கம்பியப் புடிச்சும் நிக்க முடியல. நகந்து எடம் குடுத்தியளே, புண்ணியமாப் போவும். போன்ல நீங்க பேசுனத வச்சே நம்ம ஊராளுன்னு தெரிஞ்சுட்டு. நான் ராஹில். இங்க பம்பாய்ல, தாராவில தோல் பை தைக்கேன்.

இந்த வயசுல என்ன இடுப்பு வலியா? ஊசிதான். நாலு நாளா வயித்துத் தோல்ல போடுதாவ. எலும்பு மஜ்ஜைலதான் ரத்தம் ஊறுதாம்லா? இந்த ஊசி உள்ள போயி, இன்னும் ஊறு, இன்னும் ஊறுன்னு வெரட்டுமாம். ரம்ஜான் பெருநா ஆர்டர் வந்தா எங்க சேட்டு வெரட்டுவாம்லா, அது மாதிரி. ரத்தத்துக்கு வெத மாதிரி ஒரு அணு இருக்காம். அது எலும்புல எடம் கொள்ளாம வெளிய வந்துருமாம். மெஷின் வச்சு அத மட்டும் பிரிச்சு எடுப்பாவ.

யாருக்கா? எங்க ஷைஸ்தா லாத்தாவுக்கு. கூடப்பொறந்தவ, எனக்கு மூத்தவ. ரத்தப் புத்துநோய். அவ மஜ்ஜைல இருந்ததெல்லாம் மருந்தக் குடுத்து அழிச்சிட்டாவ. இனி அவளுக்குத் தானா ஒரு சொட்டு ஊறாது. கண்ணாடி ரூம்ல கெடக்கா. வீட்டுல எல்லாருக்கும் பாத்தாவ, எனக்கு மட்டுந்தான் பொருந்துச்சு.

உம்மாவுக்கு ஊசி மேல நம்பிக்கையே இல்ல. எலும்புக்கு எலும்புதான்னு ரெண்டு வேளையும் ஆட்டுக்கால் சூப்பு. காலைல ஈரல். டாக்டர்ட்ட சொன்னேன், சிரிச்சாரு. ஊசி வேலயப் பாக்கும், சூப்பு உங்க உம்மா மனசுக்குன்னாரு.

பயமா? பொய் சொல்லல அண்ணாச்சி, ரொம்பப் பயம். எலும்பு காஞ்சு கால் வெளங்காமப் போயிரும்னு பட்டறைல ஒருத்தன் கெளப்பி விட்டான். டாக்டர் இல்லவே இல்ல, மறுபடி ஊறிரும்னுட்டாரு. அந்தப் பயம் போச்சு. ஆனா அவரே இன்னொண்ணு சொன்னாரு. சில சமயம் நம்ம அணு அவ ஒடம்ப அந்நியம்னு நெனச்சு அதயே தாக்குமாம். கேட்டதுல இருந்து சோறு எறங்கல. என் ரத்தமே லாத்தாவக் கொன்னுட்டா? அவ மக மெஹக்குக்கு எட்டு வயசு. அப்புறம் அது என்னய எப்படி மாமான்னு கூப்பிடும்?

இது எந்த ஸ்டேஷன்? பாண்டூப்பா?

என் போன்தான். அடிச்சா அடிக்கட்டும், எடுக்க வேண்டாம். லாத்தாதான். இது நாலாவது தடவ.

ஆஸ்பத்திரி மாதுங்கால. ஆமா, அது எதிர்ப் பக்கம், தெரியும். சயான்ல இருந்து ஒரே ஒரு ஸ்டேஷன். நின்னுட்டுதான் இருந்தேன். இந்தப் பக்கத்து வண்டி முதல்ல வந்துச்சு. ஏறிட்டேன்.

ஒம்பது மணிக்கு என்னய மெஷின்ல படுக்க வைக்கணும். இன்னைக்குத்தான்.

ஏசாதிய அண்ணாச்சி. நீங்க முலுண்ட்லதான எறங்குதிய? என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி எதிர் வண்டில ஏத்தி விட்டுருங்க. ஏத்தி விட்டதும் போயிராதிய. வண்டி கெளம்புற வரைக்கும் வாசல்லயே நில்லுங்க. நான் எறங்கப் பாப்பேன்.