நாலாம் பக்கத்து வரி

பிளம்பர் – இல்லம்மா, நான் குழாய் பாக்க வரல.

திருத்துபவர் – பின்ன? பேசின் ஒழுகுதுன்னு எழுதிக் கொடுத்து பதினெட்டு நாளாச்சு. வாளி வெச்சு மாளல. பிளம்பர்னு சொல்லிட்டு வந்து நிக்கிறீங்க, குழாய் பாக்க வரலன்னா...

பிளம்பர் – அத நாளைக்கு முடிச்சுத் தரேன். சிவப்புப் பேனா அம்மா நீங்கதானே?

திருத்துபவர் – யாரு?

பிளம்பர் – கீழ கேட்டேன். பல்கலைக்கழகத்துல அறிக்கை, சுற்றறிக்கை எல்லாம் திருத்துறது யாருன்னு. 'ரெண்டாவது மாடி, சிவப்புப் பேனா அம்மா'ன்னாங்க.

திருத்துபவர் – முதுகுக்குப் பின்னாடி சொல்லுவாங்கன்னு தெரியும். முகத்துக்கு நேரா இப்பத்தான் கேக்குறேன். ம்... உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும்.

பிளம்பர் – நின்னுக்கிறேன். பேண்டெல்லாம் சேறு. இந்தத் தாளக் கொஞ்சம் பாருங்க.

திருத்துபவர் – இது... இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? இது இன்னும் வெளிய வரக்கூடாத தாள்.

பிளம்பர் – விடுதித் தண்ணித் தொட்டிக்குள்ள ஒருத்தன் செத்தான்ல. அந்த விசாரணை அறிக்கை. சாட்சி சொன்னவன் நான். எனக்கு ஒரு நகல் கொடுத்தாங்க.

திருத்துபவர் – சரி.

பிளம்பர் – நாலாம் பக்கம். நான் அடிக்கோடு போட்டு வெச்சிருக்கேன். படிங்க.

திருத்துபவர் – 'முற்பகல் பதினொரு மணியளவில் அவர் தொட்டிக்குள் இறங்கினார்.'

பிளம்பர் – அது நான் சொன்னதில்ல.

திருத்துபவர் – நீங்க பேசினபடியே அச்சுல வராதுங்க. பேச்ச எழுத்துக்கு மாத்துவோம். 'இறங்குனான்'னு சொல்லியிருப்பீங்க, 'இறங்கினார்'னு...

பிளம்பர் – அது தெரியும்மா. செத்தவனுக்கு 'ர்' போட்டதுக்கு நான் சண்டைக்கு வரல. உயிரோட இருந்தப்ப அவன யாரு அப்படிக் கூப்பிட்டா. நான் சொன்னது, 'தொட்டிக்குள்ள இறங்கச் சொன்னாங்க, இறங்குனான்'. மொத்தமே நாலு வார்த்த. அதுல ரெண்ட காணோம்.

திருத்துபவர் – டைப் அடிக்கையில விட்டுப் போயிருக்கும்.

பிளம்பர் – ஏழாம் பக்கத்துலயும் அதே மாதிரி விட்டுப் போயிருக்கே. 'மறுபடியும் போகச் சொன்னாங்க, போனான்'னேன். 'மீண்டும் சென்றார்'னு இருக்கு. கடைசிப் பக்கம் படிச்சீங்களா?

திருத்துபவர் – படிச்சேன்.

பிளம்பர் – சத்தமாப் படிங்க. எனக்கு அந்த வார்த்த வாயில வரமாட்டேங்குது.

திருத்துபவர் – 'எவருடைய அறிவுறுத்தலும் இன்றி, தாமாகவே உள்ளே இறங்கியதால் நேர்ந்த விபத்து எனக் குழு கருதுகிறது.'

பிளம்பர் – தாமாகவே. தொட்டிக்குள்ள முந்தின நாள் சாயங்காலம் ரசாயனப் பூச்சு அடிச்சிருக்கு. மூடியத் தூக்குனாலே கண்ணு எரியுது. அதுக்குள்ள எவனாவது தாமாகவே இறங்குவானா? என்ன, நீச்சல் குளமா?

திருத்துபவர் – கொஞ்சம் மெதுவாப் பேசுங்க...

பிளம்பர் – கயிறு கட்டி மேல இழுத்தது நான். ஏணியில மூணாம் படி வரைக்கும் அவனா ஏறி வந்திருக்கான். படியில அவன் நகத்துல இருந்த பூச்சு ஒட்டிக் கெடந்துச்சு. அதையும் சொன்னேன். அதுவும் இதுல இல்ல.

பியூன் – அம்மா, உள்ள வரலாமா? பதிவாளர் ஆபீசுல இருந்து மூணாவது போன். மூணு மணிக்குக் கூட்டம். தொட்டி அறிக்கை ரெண்டரைக்குள்ள வேணுமாம்.

திருத்துபவர் – தரேன்னு சொல்லு.

பியூன் – இன்னொன்னு. துணைவேந்தர் பேருக்கு முன்னாடி ஒரு எடத்துல 'மாண்பமை'ன்னு இருக்காம், ஒரு எடத்துல 'மாண்புமிகு'ன்னு இருக்காம். ஒரே மாதிரி ஆக்கச் சொன்னாரு. அதுக்குத்தான் மூணு போனும். ஆள் செத்ததப் பத்தி ஒரு வார்த்த கேக்கல.

திருத்துபவர் – நீ போ.

பியூன் – போறேன். என்னய்யா பிளம்பரு, நீ இங்கயா இருக்க? உன் தங்கச்சி கீழ சைக்கிள் நிறுத்துற எடத்துல தனியா உக்காந்திருக்கு. சாப்பிடக் கூப்பிட்டேன், தலைய ஆட்டுது, எழுந்திரிக்க மாட்டேங்குது.

பிளம்பர் – வரேன். நீங்க போங்கண்ணே.

திருத்துபவர் – தங்கச்சி எதுக்கு இங்க...

பிளம்பர் – செத்தவன் அவ புருஷன்.

திருத்துபவர் – நீங்க சொல்லவே இல்லையே.

பிளம்பர் – நீங்க கேக்கல. இந்தத் தாள்லயும் இல்ல. 'உடன் பணிபுரிந்த நீர்ப்பணியாளர்'னு இருக்கு. அது நான். மாப்ளைய இந்த வேலையில சேர்த்துவிட்டதும் நான்தான்.

திருத்துபவர் – அவங்க எதுக்கு வெயில்ல... மேல கூட்டிட்டு வந்திருக்கலாமே.

பிளம்பர் – வேணாம். மூணு மணிக்கு முடிவு தெரியும்னு சொன்னாங்களாம், வந்து உக்காந்திருக்கா. மேலதிகாரி சொல்லி செஞ்ச வேலையில செத்தா, வீட்டுல ஒருத்தருக்கு இங்க வேல. தானாப் போய் செத்தா மாலையும் ரெண்டு நிமிச மௌனமும். ஆபீசுல தெளிவாச் சொல்லிட்டாங்க. ரெண்டு பிள்ளைங்க அவளுக்கு. வீட்டுல வேற ஆம்பள இல்ல. அவ நூலகத்துல பெருக்கத் தயார், விடுதியில தட்டுக் கழுவத் தயார். 'தாமாகவே'ன்னு ஒரு வார்த்த இருந்தா அதுவும் கிடையாது. யாரும்மா எடுத்தது அந்த ரெண்டு வார்த்தைய?

திருத்துபவர் – டைப்பிஸ்டக் கேட்டுச் சொல்றேன்.

பிளம்பர் – கேட்டுட்டுத்தான் வரேன். அந்தப் புள்ள அழுவுது. 'எனக்கு வந்த தாள்ல என்ன இருந்துச்சோ அததான் அடிச்சேன், ஒரு எழுத்த மாத்துனாலும் அம்மா கொன்னுடுவாங்க'ன்னா.

திருத்துபவர் – அப்ப அசல் தாளப் பாக்கணும். அது பதிவாளர் ஆபீசுக்குப் போயிடுச்சு.

பிளம்பர் – பதிவாளர் ஆபீசுலயும் கேட்டேன். அறிக்கை முடியற வரைக்கும் அசல் உங்ககிட்டத்தான் இருக்குமாம்.

திருத்துபவர் – நல்லாத்தான் சுத்தியிருக்கீங்க.

பிளம்பர் – எங்க ஒழுகுதுன்னு தேடுறதுதானேம்மா என் வேல. ஒழுகுற எடம் ஒன்னு, ஈரம் தெரியற எடம் வேற. பின்னாடியே போகணும்.

திருத்துபவர் – அந்த பீரோவத் திறங்க. ரெண்டாவது தட்டு. பச்சைக் கோப்பு.

பிளம்பர் – இதுவா?

திருத்துபவர் – கொடுங்க... இதோ. குழுவுல உதவிக்கு இருந்த குமாஸ்தா கையெழுத்து. கீழ உங்க கையெழுத்து. நீங்க சொன்னபடியே எழுதியிருக்காரு. 'இறங்கச் சொன்னாங்க'. அது மேல கோடு தெரியுதா?

பிளம்பர் – சிவப்புக் கோடு.

திருத்துபவர் – நான் போட்டதுதான்.

பிளம்பர் – எவ்வளவு கொடுத்தாங்க?

திருத்துபவர் – ஐயோ, இல்ல! யாரும் ஒன்னும் கொடுக்கல. யாரும் சொல்லக்கூட இல்ல. அன்னைக்கு மேசையில ஒன்பது கோப்பு. அதுல இது அஞ்சாவதோ ஆறாவதோ. செத்தது யாருன்னுகூட நான்... வரியத்தான் பாத்தேன். முப்பத்தோராம் விதி.

பிளம்பர் – அது என்ன எழவு விதி?

திருத்துபவர் – இந்தப் புத்தகம். 'நடைக் கையேடு'. இங்க இருபத்தாறு துறை. ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி எழுதிட்டு இருந்தாங்க. எல்லாரும் ஒரே மாதிரி எழுதணும்னு பதினோரு வருஷம் முன்னாடி நான் எழுதினது. 'சொன்னாங்க', 'சொல்லப்பட்டது', 'முடிவெடுக்கப்பட்டது'ன்னு ஆள் இல்லாம எழுதக்கூடாது. ஆள் தெரிஞ்சா ஆளப் போடு. தெரியலன்னா செஞ்சத மட்டும் எழுது. அதான் முப்பத்தொன்னு.

பிளம்பர் – யாரு சொன்னதுன்னு தெரியலன்னா சொன்னதே இல்லன்னு ஆயிடுமா?

திருத்துபவர் – அதுக்காகப் போட்ட விதி இல்ல அது. அப்ப ஒரு மாணவிக்கு உதவித்தொகை 'நிறுத்தப்பட்டது'ன்னு கடிதம் போச்சு. யாரு நிறுத்துனது? கேட்டா யாரும் இல்ல. ரெண்டு வருஷம் ஆபீஸ் ஆபீசா அலைஞ்சா. அப்புறம் படிப்ப விட்டுட்டுப் போயிட்டா. இனிமே எவனும் வாக்கியத்துக்குப் பின்னாடி ஒளியக்கூடாதுன்னுதான்...

பிளம்பர் – எங்க அடையாள அட்டையில முன்ன 'எடுபிடி'ன்னு இருந்துச்சு. 'நீர்ப்பணியாளர்'னு மாத்துனது நீங்களா?

திருத்துபவர் – எட்டாம் விதி.

பிளம்பர் – அன்னைக்கு மாப்ள அட்டைய சட்டைக்கு வெளிய போட்டுக்கிட்டு பஸ்ல போனான். ஒரு வாரம் கழட்டல, குளிக்கையிலதான் கழட்டுனான்னு என் தங்கச்சி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. ம்... ஒரு விதியில பேர் வெச்சீங்க, இன்னொரு விதியில ஆளையே எடுத்துட்டீங்க.

திருத்துபவர் – திட்டுங்க. திட்டணும்.

பிளம்பர் – திட்டி என்ன பண்ண. விசாரணைக் குழுவுல முடிவு எழுதின பேராசிரியர் இந்த அசலப் பாக்கவே இல்லயா?

திருத்துபவர் – பாக்கமாட்டாரு. நான் திருத்திக் கொடுத்ததத்தான் படிப்பாரு. நான் திருத்துனா சரியா இருக்கும்னு ஒரு பழக்கம் ஆயிடுச்சு இங்க. எனக்கும் அது பெருமையாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு அதே கூட்டத்துல இந்தக் கையேட எல்லாக் கல்லூரிக்கும் அனுப்ப ஒப்புதல் வாங்குறாங்க.

பிளம்பர் – அப்ப நான் வேற நாள் வந்திருக்கணுமோ?

திருத்துபவர் – இல்ல. இன்னைக்குத்தான் வரணும். நான் கூட்டத்துக்கு இந்த அசலக் கொண்டு போறேன். என் கோடுதான், என் தப்புதான்னு சொல்றேன். கையேடு போனாப் போகட்டும்.

பிளம்பர் – அந்த ரெண்டு வார்த்தையத் திரும்ப வெச்சிடுவீங்கள்ல?

திருத்துபவர் – வெப்பேன். ஆனா வெச்சா மட்டும் நிக்காது. 'சொன்னாங்க'ன்னா யாருன்னு உடனே கேப்பாங்க. உங்க மேலதிகாரி, அந்தப் பொறியாளர் அங்கதான் உக்காந்திருப்பாரு. 'நான் அந்த ஆள்கிட்ட அன்னைக்குப் பேசவே இல்ல'ன்னு ஏற்கனவே எழுதிக் கொடுத்திருக்காரு.

பிளம்பர் – அது உண்மதான்.

திருத்துபவர் – என்னது?

பிளம்பர் – மாப்ளகிட்ட அவர் பேசல.

திருத்துபவர் – பின்ன யாரு சொன்னா?

பிளம்பர் – சொன்னாங்கம்மா. சொன்னாங்கன்னு போடுங்களேன்.

திருத்துபவர் – விதிக்காகக் கேக்கல நான் இப்ப. அங்க பதினாலு பேர் உக்காந்து கேப்பாங்க. உத்தரவு எங்கயிருந்து வந்துச்சு?

பிளம்பர் – பொறியாளர்தான். போன்ல. 'திங்கக்கிழமை பிள்ளைங்க விடுதிக்கு வருது, இன்னைக்குத் தொட்டியக் கழுவி நெரப்பியே ஆகணும்'னாரு. காத்து ஓடவிடணும் சார், ஒரு நாள் மூடியத் திறந்து போடணும்னு சொன்னதுக்கு, 'எனக்குப் பாடம் எடுக்காத'ன்னு வெச்சுட்டாரு.

திருத்துபவர் – இது பெரிய விஷயம்! இத ஏன் குழுவுல சொல்லல? போன்னா பதிவு இருக்குமே. அவர் மறுக்கவே முடியாது. யாரு போனுக்கு வந்துச்சு?

பிளம்பர் – ...

திருத்துபவர் – அன்னைக்கு அங்க எத்தன பேர் இருந்தீங்க?

பிளம்பர் – மூணு. எலெக்ட்ரீசியன் மோட்டார் ரூமுல இருந்தாரு.

திருத்துபவர் – மாப்ள போனுக்கு வரலன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எலெக்ட்ரீசியனுக்கா?

பிளம்பர் – அவருக்குத் தொட்டியோட சம்பந்தமே இல்ல.

திருத்துபவர் – அப்ப...

பிளம்பர் – அம்மா, பேர் போடாம எழுத ஒரு வழியும் இல்லயா? நீங்க எவ்வளவோ எழுதுறவங்க.

திருத்துபவர் – இருந்துச்சு. பதினோரு வருஷம் முன்னாடி நான்தான் அடைச்சேன். வேணும்னா 'பொறியாளர் நேர்ல வந்து சொன்னாரு'ன்னு...

பிளம்பர் – வேணாம். அந்த ஆள் செஞ்சதே போதும். செய்யாததையும் சேத்தா, அதப் புடிச்சு உள்ளதையும் பொய்யாக்கிடுவாங்க.

திருத்துபவர் – மணி ரெண்டு பத்து.

பிளம்பர் – இந்த அறிக்கை அவளுக்கும் போகுமா? என் தங்கச்சிக்கு?

திருத்துபவர் – போகும். பதிவுத் தபால்ல, வீட்டுக்கு.

பிளம்பர் – முழுசாவா? இல்ல, முடிவு மட்டுமா?

திருத்துபவர் – முழுசா. எல்லாப் பக்கமும்.

பிளம்பர் – அவ எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. மெதுவாப் படிப்பா. ஆனா ஒரு வரி விடமாட்டா. நாப்பது நாளா என் வீட்டுலதான் இருக்கா. நான் வேலைக்குக் கிளம்புறப்ப டிபன் டப்பா எடுத்துக் கொடுக்குறது அவதான்.

திருத்துபவர் – நீங்க சொல்லாம நான் எதுவும் எழுதமாட்டேன். பேனாவக் கீழ வெச்சுட்டேன், பாருங்க.

பிளம்பர் – எடுங்க. 'காத்து போகட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்'னு மாப்ள சொன்னான். எனக்கு அன்னைக்கு முதுகு புடிச்சிருந்துச்சு, பொறியாளர் போன்ல கத்துன கோவம் வேற. 'பயந்தாங்கொள்ளி, நீ என்ன புது மாப்பிள்ளையா, இறங்குடா'ன்னேன். சிரிச்சுக்கிட்டே இறங்குனான். தல சுத்துதுன்னு பாதியில ஏறி வந்தவன 'இன்னும் கொஞ்சந்தான்'னு மறுபடியும் அனுப்புனேன். ரெண்டு தடவையும் சொன்னது நான்தான், அவளோட அண்ணன். அப்படியே எழுதுங்கம்மா, திருத்தாதீங்க.