வேகம் மட்டும்தான் குறையும்

உங்கள் கம்பெனி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை சார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நீங்களும் நிம்மதியாகக் காபி குடிப்பீர்கள். வந்ததிலிருந்து கையில் வைத்துக்கொண்டு ஆறவிடுகிறீர்கள்.

என் நாத்தனார் உங்கள் மேல் புகார் கொடுத்திருக்கிறார். அன்லிமிடெட் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்துவிட்டு நடுவில் நெட்டை நிறுத்திவிட்டீர்கள், அதனால்தான் தன் அப்பா செத்துப்போனார் என்கிறார். அதில் ஒரு தப்பு இருக்கிறது. நெட் நிற்கவில்லை. வேகம் மட்டும்தான் குறைந்தது. அன்றைய அதிவேக டேட்டா தீர்ந்ததும் வேகம் குறைக்கப்படும் என்று உங்கள் நிபந்தனையில் தெளிவாகப் போட்டிருக்கிறது. எழுத்து கடுகு அளவில்தான் இருக்கும், ஆனால் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன்.

மாமனாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விடும் வரை நான் ஒரு மொபைல் கடையில் கவுண்டரில் நின்றவள். அன்லிமிடெட் என்று வாங்கிப்போனவர்கள் மறுநாளே திரும்பி வந்து கத்துவார்கள். நான் அட்டையைத் திருப்பி, மூலையில் இருக்கும் நட்சத்திரக் குறியைக் காட்டி, கீழே இருக்கும் வரியை வாசித்துக் காட்டுவேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்ப்பார்கள், அந்த வரியை எழுதினதே நான்தான் என்பதுபோல. அவர்கள் மேல் எனக்குப் பரிதாபம் வந்ததில்லை. படிக்கச் சோம்பல்பட்டுவிட்டு அடுத்தவர் மேல் பாய்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

மாமாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு பேச்சு நடந்தது. பேச்சு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாத்தனார் வெளியூரிலிருந்து வந்தார், என் கணவரைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார், இருவரும் வெளியே வந்தபோது என் வேலை போயிருந்தது. என் கணவர் நல்லவர். அக்கா சொன்னால் அதில் ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிறவர். அந்தக் காரணம் என்ன என்று இதுவரை கேட்டதில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஊருக்குக் கிளம்பும் முன் நாத்தனார் மாமாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு கேமராவை மாட்டினார். அதற்கு நெட் வேண்டும் என்று உங்கள் சிம் போட்ட வைஃபை பெட்டியும் வாங்கி வைத்தார். தன் பெயரில், தன் கையால், நிபந்தனைகளை ஏற்கிறேன் என்ற பட்டனை அழுத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இதில் தினசரி அளவு இருக்கிறது அண்ணி, ஒருமுறை படித்துவிடுங்கள் என்றேன். உன் கடைப் புத்தியை இங்கே காட்டாதே என்று சிரித்தார். இது எழுதிக்கொள்ள வேண்டிய இடம் சார்.

அந்தக் கேமரா பேசும். அவர் அங்கே உட்கார்ந்து பேசினால் இங்கே சுவரிலிருந்து குரல் வரும். தலையணை சரியில்லை. போர்வையை இழுத்து விடு. இவ்வளவு நேரம் எங்கே போனாய். மாமாவின் உடம்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று சுவர் இருமும், எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஒரு நாள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன், வாய் திறந்திருந்தது. அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, எங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிற லட்சணம் என்று எழுதினார். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. என் கணவரும் ஒன்று போட்டிருந்தார். தெரியாமல் விரல் பட்டுவிட்டதாம்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். என்னைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், நான் பொறுமைசாலி.

பொறுக்க முடியாதது என் அம்மா விஷயம். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே கிளம்பு என்று தம்பி போன் செய்தான். நான் பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சுவர் பேசியது.

"நீ போயிட்டா அப்பாவை யாரு பாக்குறது? வீடியோ கால்ல பாத்துக்கோ. அன்லிமிடெட்தானே போட்டுக் குடுத்திருக்கேன்."

என் கணவரைப் பார்த்தேன். அவர் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார், கட்டிக்கொண்டே இருந்தார். மாமா மட்டும்தான் வாய் கோணலோடு, "நீ போயிட்டு வாம்மா, நான் சமாளிச்சுக்கிறேன்" என்றார். அவர் பேச்சு குழறும். எனக்குப் புரிந்தது, கேமராவுக்குப் புரியவில்லை.

நான் போகவில்லை. தம்பி அம்மாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தான். அம்மா கண்ணைத் திறந்தாள், என்னை அடையாளம் கண்டுகொண்டாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்படியே நின்றுவிட்டது. காலையிலிருந்து அந்தக் கேமரா நிற்காமல் படம் அனுப்பி அன்றைய டேட்டா முழுவதையும் தின்று தீர்த்திருந்தது. பாதி திறந்த வாயோடு அம்மா என் போனில் அசையாமல் இருந்தாள். அவளுக்கு உயிர் போனது அந்தப் படத்துக்குப் பின்னால்தான். என்ன சொல்ல வந்தாள் என்று தம்பியைக் கேட்டேன். போனைப் பிடிக்கிற அவசரத்தில் கவனிக்கவில்லை என்றான். நான் அன்றைக்கு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். இதற்கு நாத்தனாரை விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

வழியைக் காட்டியதும் அவர்தான். ஒரு நாள் மாமாவை நாற்காலியில் உட்கார வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தேன். வழக்கமாக அதற்கே சுவரிலிருந்து பத்து யோசனை வரும், அன்று சத்தமே இல்லை. பிறகு போன் செய்து, அப்பா கட்டிலில் நன்றாகத் தூங்குகிறார், இத்தனை நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார். அப்போது மாமாவின் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரை இருந்தது.

எனக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. வேகம் குறைந்ததும் கடைசியாக வந்த படம் அப்படியே அவர் திரையில் நின்றுவிடுகிறது. மூலையில் சின்னதாக ஓடும் கடிகாரமும் நின்றிருக்கும். ஆனால் சின்ன எழுத்தைப் பார்க்கும் பழக்கம் அவருக்குத்தான் கிடையாதே. படுத்த படுக்கையாக இருப்பவர் அசையாமல் இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அதன்பிறகு காலை வேலை முடிந்ததும் பக்கத்து அறையில் உட்கார்ந்து, அதே வைஃபையில் என் போனில் சினிமா ஓடவிட ஆரம்பித்தேன். இருப்பதிலேயே நல்ல தெளிவில் வைத்தால் டேட்டா தண்ணீராய் ஓடும். மதியத்துக்குள் சுவர் ஊமையாகிவிடும். அதற்கு முன்பே மாமாவுக்குத் தலைவாரி, சுத்தமான விரிப்பு மாற்றி, தலையணையில் அழகாகச் சாய்த்து வைத்துவிடுவேன். மகள் பார்க்கிற படம் லட்சணமாக இருக்க வேண்டாமா? சில நாட்கள் அந்த அமைதியே எனக்குப் போதும் என்றிருந்தது. சேர்ந்தாற்போல் பழைய படங்கள் பார்த்தேன், மாமாவுக்குக் கதை சொன்னேன். அவருக்கும் சிரிப்பு வரும்.

ஆனால் அமைதி வேறு, கணக்குத் தீர்வது வேறு. மாமாவுக்குத் தொண்டையில் அடிக்கடி சளி அடைக்கும். தூக்கி உட்கார வைத்து முதுகைத் தட்டினால் சரியாகிவிடும். பெரிய வேலை இல்லை, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும். நான் எதையும் செய்யவில்லை சார், இதைக் கவனிக்க வேண்டும். மருந்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சாப்பாடு வேளாவேளைக்குப் போனது. சுவர் ஊமையாக இருக்கிற ஒரு நேரத்தில் சளி அடைக்கட்டும் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான்.

அது நடந்த அன்று என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். மாமாவுக்கு மனசு லேசாக இருந்தது, புதுச் சட்டை போட்டுவிடச் சொன்னார். போட்டுவிட்டேன். கண்ணை மூடிக் கொஞ்சம் சிரித்தாற்போல் படுத்திருந்தார், டேட்டா தீரும் முன் கடைசியாக அந்தப் படம்தான் நாத்தனாருக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு இருமல் ஆரம்பித்தது. வர வர அது இருமல் மாதிரி இல்லை. இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். முன்பே போனில் இறக்கி வைத்திருந்த சினிமாவின் சத்தத்தை நான் கூட்டினேன். தட்டுவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதே சத்தத்தில் ஓடவிட்டேன். என்ன படம் என்று கேட்காதீர்கள், நினைவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தேன். முடிந்திருந்தது. உடனே நாத்தனாருக்கு நெட் இல்லாமல் சாதாரணமாகப் போன் போட்டேன்.

"அண்ணி, நான் அடுப்படியில கை வேலையா இருக்கேன். மாமா எப்படி இருக்கார்னு கேமராவுல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

அவர் பார்த்தார். பார்க்கிற நேரம் முழுவதும் நான் மாமாவின் கட்டிலருகில்தான் நின்றிருந்தேன்.

"நல்லாத்தான் தூங்குறார். முகத்துல எவ்வளவு களை பாரு. நீ போய் எழுப்பி வைக்காதே."

சரி அண்ணி என்றேன்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொன்னேன். பொய் ஒன்றும் கலக்கவில்லை. எழுப்ப வேண்டாம் என்று அண்ணிதான் சொன்னார்கள், அவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள் என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன். குரூப்பில் சிரிக்கிற பொம்மை போட்ட அதே கூட்டம் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. நீதானே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாய் என்று அவர் சித்தி முகத்துக்கு நேராகவே கேட்டார். நாத்தனார் போனைத் திறந்து அந்தப் படத்தை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். பாருங்கள், தூங்கிக்கொண்டுதானே இருக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. என் அம்மாவைப் போல அவருடைய அப்பாவும் அந்தப் போனில் அசையாமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டேன்.

இப்போது அவர் மகன் எங்கேயோ விசாரித்து, படம் நின்றுபோனது டேட்டாவால்தான் என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அவர் முகம் தெளிந்துவிட்டது. பாவம், கம்பெனிக்காரன் செய்த வேலைக்கு இவள் என்ன செய்வாள் என்று சித்தியே சமாதானம் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறாராம். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் உங்களை உட்காரச் சொன்னேன். நிபந்தனை தெளிவாக இருந்தது, எடுத்துச் சொல்லியும் வாடிக்கையாளர் படிக்கவில்லை, கம்பெனி மேல் தவறில்லை என்று எழுதுங்கள். அவருக்கு ஒரு காப்பி கட்டாயம் அனுப்புங்கள். மற்றதை எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம். எழுதினாலும் மறுக்க மாட்டேன்.

பேனாவை மூடிவிட்டீர்கள். எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டீர்கள், கடைசியில் பெரியவர் ஏதாவது சொன்னாரா என்று. மகளைக் கூப்பிட்டார், கேமராவைப் பார்த்தபடியே கூப்பிட்டார் என்று நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். அவரை அரிப்பதற்காகச் சொன்னது அது. நான் செய்தது எல்லாமே அவருக்குத்தான், மாமாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மனக்கசப்பும் கிடையாது, அவரை நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் கதவைக்கூடச் சாத்தவில்லை. அதனால் நன்றாகத் தெரிந்தது. அவர் கேமரா பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் கம்பியைத் தட்டினார், நான் வருவேன் என்று கடைசிவரை தட்டிக்கொண்டிருந்தார்.