கடற்காவலர் கியெம் நட்ட கொடி

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்க்குழுத் தலைவர் அவர்களே, மீட்புக் குழுவின் பெரியவர்களே, முதல் வரிசையில் கணவருக்காகத் தலையில் வெள்ளைத் துக்கத் துணி கட்டி அமர்ந்திருக்கும் சுவோங் சித்தி அவர்களே, பின் சா ஊர் மக்களே!

நான் தூ ஹியென், பன்னிரண்டாம் வகுப்பின் செயலாளர். நடந்ததை நடந்தபடி, எதையும் கூட்டாமல் மறைக்காமல் சொல்வேன் என்று இந்த ஊதுவத்திகளின் முன்னால் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எனக்கு எழுதிக் கொடுத்த உரை பையில் இருக்கிறது. அதை நான் வாசிக்கப் போவதில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் நம் கடலோரம் நின்றவர், மதிப்புக்குரிய கடற்காவலர் தாய் வான் கியெம். விடியற்காலை நாலரை மணிக்கு, நாம் குளிக்க வருவதற்கு முன்பே வந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் விசிலைக் கேட்காத காது இந்த மண்டபத்தில் உண்டா? அவரிடம் திட்டு வாங்காதவர் உண்டா? மீன் சந்தைப் பெண்கள் ஆழத்துக்குப் போனால், "அக்கா, அங்க மீன் வாங்க ஆளில்ல, திரும்பி வாங்க!" என்பார். "பொண்டாட்டிய அதட்ட முடியாதவன் எங்கள அதட்டுறான் பாரு!" என்பார்கள் அவர்கள். சொல்லிக்கொண்டே திரும்பியும் வருவார்கள்.

சென்ற ஆண்டு நீச்சல் பாதுகாப்புக் கட்டுரைப் போட்டிக்காக அவரிடம் போனேன். "சித்தப்பா, நல்ல கடற்கரைக்கு என்ன அடையாளம்?" என்று கேட்டேன். மணல், தண்ணீரின் நிறம் என்றெல்லாம் எழுத நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். "சாயங்காலம் மணல்ல ஆளில்லாத செருப்பு ஒண்ணுகூட கிடக்கக் கூடாது. அதான்" என்றார்.

பிறகு கடலைக் காட்டினார். "அலை உடையற இடம் பாக்க பயமா இருக்கும். ஆனா ஆளக் கரைக்குத் தள்ளிரும். நடுவுல அலையே இல்லாம ஒரு சந்து மாதிரி அமைதியா இருக்கு பாரு, அதுதான் உள்ள இழுக்கும். இழுத்தா எதிர்த்து நீந்தாத. கரையோரமா, பக்கவாட்டுல போ."

அந்தச் சந்து அடிக்கடி இடம் மாறும். அவரும் தினமும் பார்த்துப் பார்த்துச் சிவப்புக் கொடியை மாற்றி நடுவார். கட்டுரைக்கு எனக்கு முதல் பரிசு கிடைத்தது. கொடியை யாரும் தொடக்கூடாது என்று அதில் நானே எழுதியிருந்தேன்.

சித்தப்பாவைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து, பன்னிரண்டு நாளாக ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. அன்று கொடியே இல்லையாம், கியெம் காபி குடித்துக்கொண்டிருந்தாராம். ஊர்க்குழுவின் விபத்து அறிக்கையிலும் 'கொடி நடப்படவில்லை' என்று ஒரு வரி இருக்கிறது.

பெரியோர்களே! கொடி நடப்பட்டிருந்தது. பிடுங்கியது நான்!

அன்று எங்கள் ஆண்டுமலருக்குப் படமெடுக்கும் நாள். பெண்கள் எல்லாரும் வெள்ளை நீள அங்கி அணிந்திருந்தோம். துணி முழுதும் நனையக் கூடாது என்று அலையில்லாத இடமாகத் தேடினோம். அது எந்த இடம் என்று எனக்குத் தெரியாதா? "அந்தச் செவப்பு வேணாம்மா, வெள்ளைக்கு நடுவுல கண்ண உறுத்துது" என்றார் படமெடுப்பவர். "பரிசு வாங்கினவதான, நீயே எடு" என்று வகுப்புத் தோழன் குவா சிரித்தான். நான் பிடுங்கிச் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் போட்டேன். ஒரு படம்தானே, முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நினைத்தேன்.

சித்தப்பா காபி குடிக்கவில்லை. வடக்கு முனையில், ஜெல்லி மீன் பட்ட ஒரு குழந்தையின் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

முதலில் எங்கள் வகுப்பு ஹா வியின் கால் மணலை விட்டது. அவளைப் பிடிக்கப் போன குவாவையும் தண்ணீர் கொண்டுபோனது. நனைந்த அங்கி அவள் கால்களைச் சுற்றிக்கொண்டது. சித்தப்பா ஓடி வந்தார். கொடி இருந்த இடத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கொடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிதவையோடு பாய்ந்தார். "எதிர்த்து நீந்தாதடா! பக்கமா, பக்கமா!" என்ற குரல் கரைவரை கேட்டது. மிதவையை இருவருக்கும் கொடுத்து, பின்னாலிருந்து தள்ளித் தள்ளி இழுப்புக்கு வெளியே கொண்டுவந்தார். மீட்புப் பரிசல் போய்ச் சேர்ந்தபோது மிதவையில் இருவர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இருவர் மட்டும்.

அதன்பின் வகுப்பே வாயை மூடிக்கொண்டது. சொன்னால் நடத்தை மதிப்பெண் போய்விடும், தேர்வும் போய்விடும் என்று வீட்டில் பயந்தார்கள். நான் பயந்தது அதற்குக்கூட இல்லை. நல்ல பிள்ளை என்ற பெயர் போய்விடுமே என்று பயந்தேன். அதற்காக இறந்தவரின் பெயர் கெடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் என்று சொன்னால் போதுமா?

தலைவர் அவர்களே, அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். சித்தப்பா, நாளை முதல் காலை நாலரைக்கு எங்கள் வகுப்பு இருவர் இருவராகக் கரையில் நிற்கும். தேர்வு நாளன்றும் நிற்கும். எங்களுக்கு மீட்கத் தெரியாது. ஆனால், இறங்காதே என்று சொல்லத் தெரியும். யார் திட்டினாலும் சொல்வோம்!

*

உரையை வகுப்பு ஏட்டில் படியெடுக்கும்போது இதையும் சேர்க்கிறேன். யாரும் கைதட்டவில்லை. தலைவர் அறிக்கையைப் பிரித்துப் பேனா கேட்டார். கூட்டம் கலைந்ததும் சுவோங் சித்தி என்னிடம் வந்தார்.

"உங்களப் பாத்தாருன்னியே. கோவமாவா பாத்தாரு?"

"இல்ல சித்தி. எண்ணினாரு. கரையில முப்பத்தஞ்சு பேர். 'மொத்தம் எத்தன பேரு?'ன்னாரு. முப்பத்தேழுன்னேன். உடனே பாஞ்சுட்டாரு."

சித்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். என் கையை அவர் பிடிக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாங்கள் இருப்பது தெரியாமல் யாரோ மண்டபத்தின் விளக்குகளை அணைத்தார்கள்.