காருக்கு முன்னால் நடந்தவன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய மனிதர்கள் அரை டிராயரோடு ஓடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. எங்கள் வங்கி மேலாளருக்கு முன்னால் அவர் தொப்பை ஓடும். அவர் அதைத் துரத்திக்கொண்டு போவார். பல் டாக்டரும் அவர் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டே ஓடுவார்கள். மூச்சு வாங்குவதால் திட்டில் பாதிதான் இந்தத் தெருவில் கேட்கும், மீதி அடுத்த தெருவில். ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் குடியிருப்பில் நடக்கும் அந்த ஓட்டப் பந்தயத்தைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடையாது மேடம்.

நடந்ததைக் கைப்பட எழுதுங்கள் என்று தாளும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஸ்டேஷன் டீயும் வந்தது, சர்க்கரை கொஞ்சம் தூக்கல். நீங்கள் மரியாதையாக நடத்துவதால் நானும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஓடுகிறவர்களில் பாதிப்பேர் மூக்கில் நான் மாட்டிய கண்ணாடிதான். எனக்கு முட்டி சரியில்லை, ஓட முடியாது. ஆனாலும் பந்தயக் குழுவில் நான் இல்லாமல் ஒரு துரும்பு அசையாது. கயிறு கட்டுவது, தண்ணீர் வைப்பது, மேளக்காரர்களைப் பிடிப்பது எல்லாம் நான்தான். பந்தயத்தன்று எங்கள் தெருவில் கயிற்றருகே பச்சைக்கொடியோடு நிற்பதும் நான்தான்.

எங்கள் தெருவின் ஒரு முனையை அடைத்துப் பூங்காச் சுவர். கார்கள் வெளியே போகவேண்டும் என்றால் தெருவின் மறுமுனைக்கு வந்து, சலவைக்கடை மூலையில் திரும்பி, அடுத்த தெரு வழியாகத்தான் பெரிய ரோட்டைத் தொட முடியும். பந்தயப் பாதையும் அதேதான். இரண்டு பக்கமும் கயிறு, கயிற்றுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிற ஜனம், நடுவில் ஒரு கார் போக, ஓரத்தில் ஆள் ஒதுங்குகிற அகலம். அன்று காலை முழுக்கக் குடியிருப்பவர்களின் கார் எப்படி வெளியே போவது என்பதில்தான் எல்லா வம்பும் தொடங்கியது.

வம்பைத் தொடங்கியவர் எதிர்வீட்டு அண்ணன். தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஆட்சேபணை. மழை பெய்தால் ஆட்சேபணை, நின்றால் அதற்கும் ஆட்சேபணை. ஆனால் அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முந்தின வருஷம் மைத்துனர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பியவரை, கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தொண்டர், ‘இதோ, இதோ’ என்றே காலை முழுக்க நிறுத்தி வைத்துவிட்டார். அண்ணன் போய்ச் சேர்ந்தபோது அங்கே இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பசித்த மனிதன் சும்மா விடுவானா. குழுக் கூட்டத்துக்கு வந்து மேசையைத் தட்டினார்.

“இதோ விடறேன், அதோ விடறேன்னு சொல்றதெல்லாம் இனிமே நடக்காது. நான் கேட்ட நிமிஷம் கயிறு இறங்கணும். உங்க ஆள் ஒருத்தர் கொடியோட முன்னாடி நடக்கணும், நான் பின்னாடி வருவேன். எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டோம். குடியிருப்பவர் கேட்டதும் கயிறு இறங்கும். தொண்டர் பச்சைக்கொடியோடு முன்னால் நடப்பார். கார் விளக்குகளை மினுக்கிக்கொண்டு பின்னால் வரும். தொண்டரை முந்தக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தொண்டர் ஒரு நீள விசில் ஊதவேண்டும். அந்த விசில் ஒருவர் மாற்றி ஒருவராகப் பெரிய ரோடு வரைக்கும் போகும். ஓடுகிறவர்கள் கயிற்றோரம் ஒதுங்கி நிற்பார்கள், கார் பறந்துவிடும். விசில் ஊதினால் அதற்கான காரணம் நகராட்சிக்குப் போகும். தொண்டர் எந்த வேகத்தில் நடக்கவேண்டும் என்று அண்ணன் கேட்கவில்லை, நாங்களும் எழுதவில்லை.

அதோடு நின்றிருந்தால் தேவலை. இந்த வருஷம் அவர் பந்தயத்தையே நிறுத்தச் சொல்லி நகராட்சியில் மனுப் போட்டார். பந்தயம் முடிந்த மறுவாரம் விசாரணை. கடைக்கு வந்து என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “தம்பி, ஒரே ஒரு அவசரம் வரட்டும். அன்னைக்கு உங்க கூத்து முடிஞ்சுது.” எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி, அண்ணி, தங்கமானவர். மாடியில் கணவர் ஆட்சேபிக்க, கீழே வாசலில் நின்று ஓடுகிறவர்களுக்கு ஆரஞ்சுப் பழத்தை நறுக்கி நறுக்கிக் கொடுப்பார். எனக்கும் அவருக்கும் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. இதை நீங்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு வானம் மப்பாக, காற்று சில்லென்று, ஓடுவதற்கென்றே சொல்லிச் செய்தது மாதிரி இருந்தது. முதலில் பெரியவர்கள் ஓட்டம், அது முடிந்துதான் பிள்ளைகள் ஓட்டம். பெரியவர்கள் ஓட்டம் களைகட்டிவிட்டது. பேக்கரிக்காரர் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினார். குழந்தை எங்கே என்று கேட்டால், வீட்டிலேயே மறந்துவிட்டாராம். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் கார் கயிற்றருகே வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார். பின் சீட்டில் அண்ணி.

“தம்பி, அண்ணிக்கு மூச்சு முட்டுது. நெஞ்சு வலிக்குதுங்கறா. விசில ஊது.”

ஆரஞ்சு கொடுக்காத ஆண்டு இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணியைப் பார்த்தேன். ஆட்சேபணை நாடகமாடுகிறார் என்று நினைத்தேன் என எழுதலாம், எழுதினால் பொய். நாள் முழுக்க மனிதர்களின் கண்களைக் கிட்டத்தில் பார்க்கிற தொழில் எனக்கு. அண்ணியின் கண் எதையும் பார்க்கவில்லை. உதடு வெளுத்திருந்தது, நெற்றியில் வியர்வை ஊற்றியது. நிலைமை எனக்குச் சுத்தமாகப் புரிந்தது.

புரிந்ததும் மனசு எவ்வளவு தெளிவாக வேலை செய்தது என்பதுதான் ஆச்சரியம். விசில் ஊதினால், பந்தயத்தால் ஒரு நோயாளிக்குத் தடங்கல் என்று நகராட்சிக்குப் போகும். அதற்கப்புறம் பந்தயம் இல்லை. ஊதாவிட்டால், ஒரு கார் விதிப்படி வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான். ஓர் ஊரின் சந்தோஷம் ஒரு பக்கம், கொஞ்சம் தாமதம் ஒரு பக்கம். யாராக இருந்தாலும் இப்படித்தான் யோசித்திருப்பார்கள்.

விசிலை வாயில் வைத்தேன். காற்றுப் போகிற வழியை நாக்கால் அடைத்துக்கொண்டு கன்னத்தை உப்பினேன். சத்தம் வரவில்லை.

“என்னடா ஆச்சு?”

“வர மாட்டேங்குது அண்ணா. உள்ள என்னமோ அடைச்சிருக்கு. பயப்படாதீங்க, நான் முன்னாடி போறேன், பின்னாடியே வாங்க.”

“ஓடேன்டா, ஓடித் தொலையேன்.”

“முட்டி அண்ணா.”

கயிற்றை இறக்கினேன், கொடியை உயர்த்தினேன், நடந்தேன். இரண்டு பக்கமும் ஓடுகிறவர்கள் என்னை உரசிக்கொண்டு போனார்கள். வங்கி மேலாளர் போகிற போக்கில் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவருக்கு என்ன தெரியும். கொடிபிடித்து ஒருவன் கம்பீரமாக வருகிறான், பின்னால் விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு கார் வருகிறது. யாரோ பெரிய விருந்தாளி என்று நினைத்து ஜனம் கை தட்டியது.

நான் தொடங்கவில்லை மேடம், மேளக்காரர்கள்தான் தொடங்கினார்கள். என் நடைக்குத் தக்கபடி அவர்கள் அடிக்க, அவர்கள் அடிக்குத் தக்கபடி என் கால் போனது. ஒரு பிள்ளை காகிதத் துண்டுகளை அள்ளி வீசியது. கொடியை இடமும் வலமும் ஆட்டினேன், ‘ஓ’ என்றார்கள். இடுப்பை லேசாக அசைத்தேன், தெருவே சிரித்தது. வாயில் கிடந்த விசிலைத் தாளத்துக்குத் தக்கபடி குட்டி குட்டியாக ஊதியும் இருக்கிறேன். முட்டி வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. பின்னால் கண்ணாடியை ஏற்றிக்கொண்ட காருக்குள் அண்ணனின் வாய் திறந்து திறந்து மூடியது. அவரும் சேர்ந்து பாடுகிறார் என்று நினைத்துச் சிலர் அவரைப் பார்த்தும் கை ஆட்டினார்கள்.

பெரிய ரோடு வந்ததும் ஒதுங்கிக் கொடியைத் தாழ்த்தினேன். கார் சீறிக்கொண்டு போனது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்கிற வார்த்தைதானே அது.

அண்ணியின் சாவு வீட்டில் நாற்காலி போட்டதும் நான்தான், வந்தவர்களை உட்கார வைத்ததும் நான்தான். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். “என் வாயால கேட்டு வாங்கின விதிடா தம்பி. நானே என் தலையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன். விசில் கெட்டுப் போனா நீ என்ன பண்ணுவ, உன்னால நடக்கத்தான் முடியும்.” நுணலும் தன் வாயால் கெடும் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தேன். நானும் அழுதேன், நிஜமான அழுகைதான். அடுத்த வாரம் அவர் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷப் பந்தயத்தை அண்ணி பெயரில் நடத்தவேண்டும் என்று குழுவில் முன்மொழிந்தேன். ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை.

இதற்கிடையே யாரோ செல்போனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கொடிக்காரர் ஆட்டம் என்று பெயர். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடி போட்டுப் பார்க்கிற சாக்கில் அதைப் போட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். காரில் யார் இருந்தார்கள் என்று தெரிந்தவர்கள்கூட, பாவம், உனக்குத் தெரிந்திருந்தால் ஆடியிருப்பாயா என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அண்ணன் மட்டும் அதைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

என் மனைவி பார்த்தாள். சிரிக்காமல் பார்த்தாள். அடுப்படியில், கட்டிலில், துணி மடித்துக்கொண்டே, திரும்பத் திரும்ப அதையே பார்த்தாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“விசில் கெட்டுப் போச்சுன்னீங்க. இதுல ஊதறீங்களே.”

நான் பந்தயத்தைப் பற்றி, நகராட்சியைப் பற்றி, ஊரின் சந்தோஷத்தைப் பற்றி எல்லாம் உங்களுக்கு எழுதியபடியே அவளுக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். நல்லவள். பிறகு செல்போனை என் பக்கம் திருப்பி, ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“சலவைக்கடை மூலை திரும்பினதுக்கு அப்புறம் பாருங்க. ஓடறவங்க ஒருத்தர்கூட இல்ல. எல்லாரும் போயிட்டாங்க. பிள்ளைங்க ஓட்டம் இன்னும் ஆரம்பிக்கல. இங்க எந்தப் பந்தயத்தக் காப்பாத்துனீங்க?”

தட்டில் சோறு ஆறியது. மறுநாள் அவள் உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், கேஸ் முழுமையாக இருக்கட்டும். மூலை திரும்பியபோது ரோடு காலி என்பது எனக்குத் தெரியும். பெரிய ரோடு வரை பளிச்சென்று தெரிந்தது. விசில்கூட வேண்டாம், ஓர் அடி ஒதுங்கி நின்றிருந்தால் போதும். ஆனால் அந்தத் தெருவில்தான் ஜனம் அதிகம். பெரியவர்கள் ஓடி முடித்து, பிள்ளைகள் வருவதற்குள் பார்க்க ஒன்றுமில்லாமல், எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அதுவும் மேளத்தோடு சேர்ந்துகொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் அண்ணியின் தலை சரிந்ததை நான் பார்த்தேன். ‘இன்னொரு தடவை’ என்று கத்தினார்கள். நான் காரைப் பார்த்துத் திரும்பி நின்று, இன்னொரு தடவை ஆடினேன்.